நேரத்திற்கு ஒரு விலை

அரிசியை மூட்டை கட்டிப் பஞ்சத்திற்கு வைக்கலாம். மின்சாரத்தை அவ்வாறு வைத்தல் எளிதன்று. வீட்டில் விசையைத் தட்டும் அந்நொடியிலேயே எங்கோ ஓர் எந்திரம் அதனை ஆக்கித் தரவேண்டும். ஊரார் அனைவரும் ஒருங்கே விளக்கேற்றும் சில மணி நேரத்திற்காகப் பெரும் எந்திரங்களை நிறுவி, எஞ்சிய நேரம் அவற்றைச் சும்மா வைத்திருக்க நேர்கிறது. அச்செலவை யார் தலையில் வைப்பது?

இவ்வினாவை முதலில் தெளிவாக எழுப்பியவர்களுள் ஒருவர் ஜான் ஹாப்கின்சன் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர். மின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி மின்சாரம் ஆக்குவதால் வருவதன்று, எந்நேரமும் ஆக்குவதற்கு ஆயத்தமாய் இருப்பதால் வருவது என 1892-இல் அவர் விளக்கினார். ஆகவே ஆயத்தத்திற்கு ஒரு கட்டணமும், செலவழித்த அளவிற்கு வேறொரு கட்டணமும் வேண்டும் என்றார்.

பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட் இதற்கென ஒரு கருவி செய்தார். மின்னோட்டத்தால் சூடேறிய காற்று விரிந்து ஒரு திரவத்தைத் தள்ளும். அது கண்ணாடிக் குழாயில் வழிந்து நிற்கும் அளவே அவ்வீட்டாரின் உச்சத் தேவை. மிக நுட்பமான கருவிதான். ஆனால் அதற்கு மணி பார்க்கத் தெரியாது! ஊர் உறங்கும் நள்ளிரவில் மிகுதியாய்ச் செலவிட்டவரும், மாலை நெரிசலில் செலவிட்டவரும் அதன் முன் ஒன்றே. முன்னவரால் நிலையத்திற்குக் கூடுதல் எந்திரம் வேண்டியதில்லை என்பதை அது அறியாது.

இக்குறையைக் கணக்கு முறையில் தீர்த்தவர் பிரெஞ்சு நாட்டு மார்செல் புவாத்தே. அங்கே 1946-இல் மின்துறை அரசுடைமையாயிற்று. 1949-இல் அவர் எழுதிய கட்டுரையில், உச்ச நேரத்தில் வாங்குவோரே எந்திரச் செலவைச் சுமக்க வேண்டும், பிற நேரத்தில் வாங்குவோர் எரிபொருட் செலவைத் தந்தாற் போதும் என நிறுவினார். 1956-இல் 'பச்சைக் கட்டணம்' என்னும் பெயரில் அது பெரிய ஆலைகளுக்கு வந்தது.

வீடுகளுக்கு வந்தபோதுதான் உண்மையான சோதனை. ஆலை தன் வேலையை இரவுக்கு மாற்றலாம்; குழந்தையின் பசியை மாற்ற முடியுமா? பிரெஞ்சுக்காரர் காத்திருக்கக் கூடிய ஒன்றைத் தேடி, குளியலறை வெந்நீர்க் கலத்தைக் கண்டனர். மலிவு நேரம் தொடங்கியதும் அதே மின்கம்பி வழியே, 50 சுற்று மின்சாரத்தின் மேல் 175 சுற்று அலையொன்றை அனுப்புவர். கலம் தானே சூடேறும். வீட்டார் விழித்திருக்க வேண்டியதில்லை. இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

பின்னர் 1990-களில் 'டெம்போ' வந்தது. ஆண்டில் 300 நாள் நீலம், 43 வெள்ளை, 22 சிவப்பு. குளிர்காலத்துச் சிவப்பு நாட்களில் விலை பன்மடங்கு. மறுநாளின் நிறம் முன்னதாகவே அறிவிக்கப்படும். வேறு அடுப்பும் கணப்பும் உள்ளவர்க்கு இது ஆதாயம். மின்கணப்பு ஒன்றையே நம்பிய ஏழை வீட்டார்க்கு 22 நாளும் கலக்கம்.

மலேசியாவில் 2025 ஜூலை முதல் விரும்பும் வீட்டார்க்கும் நேரக் கட்டணம் உண்டு. வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். நான் சிறுவனாயிருந்த தோட்டத்தில் எஞ்சின் மாலை ஆறுக்கு ஓடத் தொடங்கி இரவு பத்துக்கு நிற்கும். சமையலும் பாடமும் அதற்குள் முடியவேண்டும். எங்கள் லயத்தில் விளக்கெரிந்த அதே நான்கு மணி நேரமும் இன்று விலை மிகுந்த நேரத்திற்குள் அடங்குகின்றன. துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் பத்துக்குப் பின் தள்ளிவிட்டோம். உலை மட்டும் இன்னும் ஏழு மணிக்கே கொதிக்கிறது.