சேனைக்குக் கேட்ட சாட்சி

கெலிஓயாவுக்கு அடுத்த கம்பளைப் பக்கம், சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பித் தோட்டம் திறந்த கதை யாவரும் அறிந்ததே. அந்தக் குன்றுகளில் அதற்கு முன் என்ன விளைந்தது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கண்டி இராச்சியத்துக் குடியானவனுக்குப் பள்ளத்தில் வயல், வீட்டைச் சுற்றித் தோட்டம், மேட்டில் சேனை. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன், சாமை, எள்ளு விதைப்பான். ஓரிரு போகத்தின் பின் அதை விட்டுவிட்டு, பல வருடங்கள் கழித்து மீண்டும் வருவான். மண் இளைப்பாறும் காலம் அது. மழை பொய்த்து நெல் குறைந்த வருடங்களில் குரக்கனே வீட்டைக் காத்தது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த இளைப்பாறலைத்தான் பிடித்துக்கொண்டது. பல வருட இடைவெளியில் மட்டும் பயிரிடக்கூடிய சேனை நிலங்கள் கண்டி மாகாணங்களில் இருந்தால், அவை முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. உரிமை கோருபவன் மன்னன் கொடுத்த சன்னஸைக் காட்ட வேண்டும். இல்லையேல், 20 வருடங்களுக்குள் வழமையான வரியோ ஊழியமோ செலுத்தியதை நிரூபிக்க வேண்டும். ஒல்லாந்தர் கரையோரத்தில் எழுதிவைத்த தோம்பு கண்டியில் இல்லையென்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இல்லாத ஏட்டின் சுமை குடியானவன் தலையில் விழுந்தது. ஊழியமோ? இராஜகாரியத்தை அதே அரசு 1832இலேயே ஒழித்துவிட்டது! மடிகே பத்தவின் கீழ் தவளமாடுகளில் பொதி கொண்டுசென்று, அதற்கீடாகக் காணி அனுபவித்த எமது முன்னோரும் மன்னனுக்குச் செய்த ஊழியத்தையே நம்பியிருந்தவர்கள்.

கோப்பி போட்ட ஏக்கரெல்லாம் சேனையே என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி ஆள் குடியிராத உயர்காடு. ஆனால் ஊரார் மாடு மேய்த்ததும் விறகு வெட்டியதும் காட்டோரத்தில்தான். தோட்டத்துக்குள் புகுந்த மாடு பிடித்துக் கட்டப்பட்டது. சேனை வெட்ட அரசின் அனுமதிப் பத்திரம் வேண்டியதாயிற்று. 1897இன் தரிசு நிலச் சட்டம் இன்னும் கடுமை. அரசாங்க அதிபரின் அறிவித்தலுக்கு மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிடில், காணி முடிக்குச் சேர்ந்தது.

தோட்டத் தொழிலாளர் வந்ததால்தான் கிராமம் காணியை இழந்தது என்ற பேச்சு எமது கடைத்தெருவிலும் உண்டு. விற்றது அரசு. 1844 வரை ஏக்கருக்கு ஆகக்குறைந்த விலை 5 சிலிங். வாங்கியோரில் தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கன்சியே ஒருவர். தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது லயன் அறை. அவர்களது வழித்தோன்றல்களில் பலருக்கு, குடியிருக்கும் நிலத்துக்கு இன்றும் உறுதி கிடையாது.