ஒரு செயலியா, இரண்டா?

ஒருவர் தூக்கும் சுமையை இருவர் சேர்ந்து தூக்கினால் எளிது. கணிப்பொறிக்கும் இது பொருந்துமா? பலருக்கும் ஒரே நேரத்தில் பணிசெய்யும் சர்வர் கணிப்பொறியை வாங்குவோர், அதன் தாய்ப்பலகையில் செயலியைப் பொருத்தும் சாக்கெட் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என முடிவு செய்ய வேண்டியுள்ளது. இக்கேள்விக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு.

1962இல் அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் படைத்துறைக்கென டி825 என்னும் கணிப்பொறியை அமைத்தது. அதில் நான்கு செயலிகள் வரை பொருத்தலாம். அவை யாவும் ஒரே பொது நினைவகத்தைப் பயன்படுத்தின. வேகம் மட்டுமன்றி, ஒரு செயலி பழுதுற்றாலும் வேலை நிற்கலாகாது என்பதும் அதன் நோக்கம்.

1967இல் ஜீன் ஆம்டால் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க இயலாது என்று கொள்வோம். அவருடைய வாதத்தின்படி, இரண்டு செயலிகளை இட்டால் வேகம் 1.8 மடங்கே ஆகும். நான்கை இட்டால் 3.1 மடங்கு. எத்தனை நூறு இட்டாலும் பத்து மடங்கை எட்டாது.

நினைவகத்திற்குச் செல்லும் பாதை மற்றோர் இடையூறு. 1995இல் வந்த இன்டெல்லின் பென்டியம் புரோ செயலிகள் நான்கை ஒரே பலகையில் இணைக்க முடிந்தது. ஆனால் நான்குக்கும் பாதை ஒன்றே. நான்கு வீட்டுக்கு ஒரே குழாய் என்றால் குடங்கள் வரிசையில் நிற்கத்தானே வேண்டும்? 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் தந்தது. வரிசை குறைந்தது, ஆனால் அடுத்த செயலியின் நினைவகத்திலுள்ள தகவலைப் பெறக் கூடுதல் நேரம் பிடித்தது.

இதற்கிடையே, கோர் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் இரண்டை 2001இல் ஐபிஎம்மின் பவர்4 ஒரே சில்லில் அடக்கியது. 2017இல் ஏஎம்டியின் எபிக் செயலி 32 கோர்கள் வரை கொண்டு வந்தது. வெளிக்கருவிகளை இணைக்க அதற்கு 128 தடங்கள். இரண்டு எபிக்குகளை ஒரே பலகையில் சேர்த்தாலோ, ஒவ்வொன்றும் 64 தடங்களை மற்றதுடன் பேசவே செலவிட்டது. மிஞ்சியது அதே 128!

எனவே, ஒரு செயலியின் கோர்களும் அதனுடன் இணையும் நினைவகமும் போதுமானால் ஒற்றைச் சாக்கெட்டே சிக்கனம். பெரிய தரவுத்தளம் போல, ஒரே பொறியில் அதற்கு மேலும் நினைவகமோ கோர்களோ கேட்கும் வேலைக்கு இரட்டைச் சாக்கெட் தேவை. பழுதுக்கு அஞ்சி அதை வாங்குவது மட்டும் பயன் தராது. சாதாரண சர்வரில் இரு செயலிகளும் ஒரே பலகையை நம்பியுள்ளன. ஓடும்போது ஒன்று பழுதுற்றால் பொறி முழுவதும் நின்றுவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. 1962இல் நாடிய அந்தப் பாதுகாப்பு வேண்டுமாயின், ஒற்றைச் சாக்கெட் பொறிகள் இரண்டைத் தனித்தனியே வைத்துக்கொள்வதே தக்க வழியாகும்.