பெர்லின் வான்பாலமும் சரக்கு மேற்பார்வையும் (1948–1949)

பெர்லின் வான்பாலம் என்பது, தரைவழி அடைக்கப்பட்ட மேற்கு பெர்லின் நகருக்கு உணவு, நிலக்கரி, மருந்து முதலியவற்றை 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை விமானங்கள் மூலமாகவே கொண்டு சேர்த்த ஏற்பாடு ஆகும். ஜெர்மானியர் இதனை 'லுஃப்ட்புரூக்கெ' என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருளே வான்பாலம். பாடநூல்களில் இது பனிப்போரின் ஓர் அத்தியாயமாகவும், விமானிகளின் வீரக்கதையாகவும் இடம்பெறுகிறது. ஆனால் சரக்குப் போக்குவரத்து, கிடங்கு மேலாண்மை ஆகியவற்றைப் பயில்வோர் இதனை வேறு கோணத்தில் படிக்கின்றனர். எதை ஏற்றுவது, எந்த வரிசையில் ஏற்றுவது, எத்தனை நிமிடத்தில் இறக்குவது என்ற அன்றாடக் கணக்குகளே இருபது லட்சம் மக்களைக் குளிரிலிருந்தும் பசியிலிருந்தும் காத்தன.

முற்றுகை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. தலைநகர் பெர்லின் சோவியத் மண்டலத்தின் நடுவே இருந்தது. அந்நகரும் நான்காகப் பிரிக்கப்பட்டு, அதன் மேற்குப் பகுதிகள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகியவற்றின் பொறுப்பில் விடப்பட்டன. 1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் புதிய நாணயம் வெளியிடப்பட்டது. இதை எதிர்த்த சோவியத் தரப்பு, ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, இருப்புப்பாதை, கால்வாய் வழிகளை மூடியது. எஞ்சியவை மூன்று வான்வழிகள் மட்டுமே. ஒவ்வொன்றும் 20 மைல் அகலமுடையது. அவை 1945-இலேயே எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்ததால் அவற்றை மூட இயலவில்லை.

நகரின் கிடங்குகளில் அப்போது 36 நாளுக்கான உணவும் 45 நாளுக்கான நிலக்கரியும் இருந்தன.

நகரின் தேவைப் பட்டியல்

அதிகாரிகள் முதலில் செய்த வேலை கணக்கெடுப்பு. ஒரு நாளைக்கு 646 டன் மாவும் கோதுமையும், 125 டன் பிற தானியம், 109 டன் இறைச்சியும் மீனும், 64 டன் கொழுப்பு, 180 டன் உலர்த்திய உருளைக்கிழங்கு, 180 டன் சர்க்கரை, 144 டன் உலர்த்திய காய்கறி, 38 டன் உப்பு, 19 டன் பால்மாவு, 11 டன் காப்பி, 10 டன் பாலாடைக்கட்டி, குழந்தைகளுக்காக 5 டன் பால், ரொட்டிக்கு 3 டன் ஈஸ்ட் என்று பட்டியல் தயாரானது. கூட்டினால் 1,534 டன். (இங்குக் குறிக்கப்படுவது அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ. மெட்ரிக் டன்னுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

உணவைவிட எரிபொருளே பெரிய சுமையாக இருந்தது. மின்நிலையங்களுக்கும் வீடுகளுக்கும் நாளொன்றுக்கு 3,400 டன்னுக்கு மேல் நிலக்கரியும் பெட்ரோலும் தேவைப்பட்டன. உடனடியாகக் கைவசம் இருந்த சி-47 விமானமோ ஒரு முறைக்கு ஏறத்தாழ மூன்றரை டன் மட்டுமே சுமக்கும். முதல் நாளான ஜூன் 26 அன்று அமெரிக்க விமானங்கள் கொண்டு சேர்த்தது 80 டன். தேவைக்கும் வரத்துக்கும் இடையிலிருந்த இந்தப் பள்ளத்தைக் கண்டு, நகரம் வெகுநாள் தாங்காது என்றே பலர் கருதினர்.

டன்னரின் வருகை

முதல் மாதத்தில் உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குத்தான் குறை. அலுவலகப் பணியில் இருந்தவர்களும் விமானம் ஓட்டினர். எந்த விமானம் எப்போது புறப்படும் என்பது திட்டமாக இல்லை. சரக்கு வந்து நிற்கும்போது விமானம் இராது. விமானம் நிற்கும்போது விமானி சிற்றுண்டிச்சாலையில் இருப்பார்.

1948 ஜூலை 28 அன்று மேஜர் ஜெனரல் வில்லியம் டன்னர் வீஸ்பாடன் நகருக்கு வந்து பொறுப்பேற்றார். இவர் போர்விமானி அல்லர், போக்குவரத்து நிபுணர். உலகப்போரின் போது அசாமிலிருந்து இமயமலையைக் கடந்து சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய 'ஹம்ப்' வான்வழியை 1944 முதல் நடத்தியவர். பெர்லினில் இவர் நடைமுறைப்படுத்திய முறைகள் பலவற்றுக்கு அசாமின் விமானத்தளங்களே பயிற்சிக்களம் என்பது இந்திய மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. வேலை வாங்குவதில் கடுமையானவர் என்பதால் 'சாட்டைக்கார வில்லி' என்ற பட்டப்பெயரும் இவருக்கு இருந்தது.

கருப்பு வெள்ளி

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் மேல் மேகம் தாழ்ந்து மழை கொட்டியது. ஒரு சி-54 விமானம் ஓடுபாதையின் முடிவில் மோதித் தீப்பிடித்தது. அடுத்து வந்ததன் சக்கரங்கள் வெடித்தன. மூன்றாவது, கட்டி முடிக்கப்படாத ஓடுபாதையில் இறங்கி நிலைதடுமாறிச் சுழன்றது. பின்னால் வந்த விமானங்கள் இறங்க இடமின்றி அடுக்கடுக்காக வானில் வட்டமிட்டன. அவற்றுள் ஒன்றில் டன்னரே இருந்தார். மேலே நிற்கும் அனைத்தையும் திருப்பியனுப்பும்படி அவர் வானொலியில் ஆணையிட்டார்.

அதன்பின் வந்த விதிகள் எளியவை. வானிலை தெளிவாக இருந்தாலும் கருவிகளைக் கொண்டே பறக்க வேண்டும். பெர்லினில் இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் சரக்குடன் நேரே திரும்பிவிட வேண்டும். வடக்கு, தெற்கு வான்வழிகள் செல்வதற்கு, நடுவழி திரும்புவதற்கு. விமானங்களுக்கிடையே மூன்று நிமிட இடைவெளி. பத்து டன் சரக்கை இறக்காமலே திருப்பியனுப்புவது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு விமானம் வரிசையை நிறுத்தினால் பின்னால் வரும் அனைத்தும் நிற்கும். அந்த நட்டத்தோடு ஒப்பிட இது சிறிது.

தரையில் நடந்த வேலை

விமானம் வானில் இருக்கும் நேரத்தைக் குறைக்க இயலாது. தரையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். டன்னரின் முறையின் உயிர்நாடி இதுவே.

பெர்லினில் இறங்கிய விமானிகள் விமானத்தை விட்டு அகலக் கூடாது என்று ஆணை பிறந்தது. அதற்குப் பதிலாகச் சிற்றுண்டி வண்டி விமானத்தின் அருகே வந்தது. வானிலை விவரமும் திரும்பும் அனுமதியும் ஜீப்பில் வந்தன. விமானம் நின்று இயந்திரம் அடங்குவதற்குள் சரக்குந்து கதவருகே வந்து சேர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த வேலை அரை மணியில் முடிந்தது.

சி-47 விமானங்கள் நீக்கப்பட்டதற்கான காரணமும் கவனிக்கத்தக்கது. அவை வால்சக்கரம் உடையவை; தரையில் நிற்கும்போது உள்தளம் சரிவாக இருக்கும். அந்தச் சரிவில் மூன்றரை டன்னை இறக்க ஆன நேரத்தில், சமதளமுடைய சி-54 விமானத்திலிருந்து பத்து டன்னை இறக்கிவிட முடிந்தது. ஏற்றி இறக்கும் இடத்தில் கடிகாரத்துடன் நின்றவர்களுக்குத்தான் இது தெரியவந்தது. 1948 செப்டம்பர் இறுதிக்குள் அமெரிக்கப் பகுதியில் சி-47 பயன்பாடு நிறுத்தப்பட்டது.

சுமை ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பாலோர் பெர்லின் நகரத்தவர். மேற்கு ஜெர்மனித் தளங்களில், போரால் நாடிழந்த போலந்து, பால்டிக் நாட்டு மக்களும் பணியாற்றினர். மூன்றாண்டுகளுக்கு முன் இதே நகரின்மேல் குண்டு வீசிய நாட்டின் விமானங்களிலிருந்து அந்நகர மக்களே மூட்டைகளை இறக்கினர். பஞ்ச காலத்தில் கூலியைவிட, வேலைநேரத்தில் கிடைத்த ஒரு வேளைச் சுடு உணவே பெரிதாக மதிக்கப்பட்டது. குழுக்களிடையே போட்டியும் வைக்கப்பட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு பத்து டன் நிலக்கரியைப் பத்து நிமிடத்தில் இறக்கியது. பின்னர் அதே அளவை 5 நிமிடம் 45 நொடியில் இறக்கிக் காட்டியது. ஒருவர் பங்குக்கு முக்கால் டன்னுக்கும் மேல்!

சரக்குகளின் குணம்

ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு தொல்லை கொடுத்தது. நிலக்கரியைப் படைவீரர்களின் பழைய துணிப்பைகளில் கட்டி அனுப்பினர். பின்னர் கோணிப்பைகளும், பல மடிப்புக் காகிதப் பைகளும் வந்தன. எதில் கட்டினாலும் தூள் கசிந்தது. அது விமானத்தின் கம்பிகளையும் மின்னிணைப்புகளையும் கெடுத்தது.

உப்பு இதைவிட மோசம். அது உலோகத்தையே அரிக்கும். இதற்குப் பிரிட்டிஷார் கண்ட வழி அழகானது. கடல்நீரில் இறங்குவதற்காகவே அரிப்புக் காப்புடன் கட்டப்பட்ட சண்டர்லாந்து பறக்கும் படகுகளில் உப்பை ஏற்றினர். அவை ஹாம்பர்க் அருகே எல்பே ஆற்றிலிருந்து எழும்பி, பெர்லினின் ஹாஃபெல் ஏரியில் இறங்கின. குளிர்காலத்தில் ஏரி உறையும் நிலை வந்ததும், உடலுக்கு வெளியே அடிவயிற்றில் சரக்குத் தொட்டி பூட்டிய வேறு விமானங்களிடம் உப்பு ஒப்படைக்கப்பட்டது.

ரொட்டியைச் சுட்டு அனுப்புவதா, மாவாக அனுப்புவதா என்பது மற்றொரு கணக்கு. ரொட்டி எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர். ஆகவே மாவையும், அதைச் சுட வேண்டிய நிலக்கரியையும் சேர்த்து அனுப்புவதே இலாபம் என முடிவாயிற்று. உருளைக்கிழங்கை உலர்த்தியும், இறைச்சியை எலும்பு நீக்கியும் அனுப்பியது இதே நோக்கில்தான். கனமான சரக்கை மட்டும் ஏற்றினால் எடை வரம்பு எட்டியும் இடம் காலியாக இருக்கும். இலேசான சரக்கை மட்டும் ஏற்றினால் இடம் நிறைந்தும் எடை மிஞ்சும். எனவே இரண்டையும் கலந்து ஏற்றுவது ஏற்றுமதி மேற்பார்வையாளரின் திறமையாக மதிக்கப்பட்டது.

குழந்தைகளுக்காகக் கைக்குட்டைப் பாராசூட்டில் மிட்டாய் போட்ட கெயில் ஹால்வர்சன் என்ற விமானியின் கதை உலகறிந்தது. அதை இங்கு விரிக்கத் தேவையில்லை.

டேகல் நிலையமும் குளிர்காலமும்

இரண்டு விமான நிலையங்கள் போதாமல், பிரெஞ்சுப் பகுதியில் டேகல் என்னுமிடத்தில் மூன்றாவது நிலையம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 17,000 பேர் மூன்று முறைமாற்றாக உழைத்தனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல் ஓடுபாதைக்கு அடித்தளமாயிற்று. பெரிய இயந்திரங்களை விமானத்தில் ஏற்ற முடியாததால், அவற்றைத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுவந்து பெர்லினில் மீண்டும் ஒட்டவைத்தனர். ஆகஸ்டில் தொடங்கிய பணி முடிந்து நவம்பர் 5 அன்று முதல் விமானம் இறங்கியது.

அந்த நவம்பரில் மூடுபனி வாரக்கணக்கில் நின்றது. 20-ஆம் நாள் புறப்பட்ட 42 விமானங்களில் ஒன்று மட்டுமே பெர்லினில் இறங்கியது. ஒரு கட்டத்தில் நிலக்கரி இருப்பு ஒரு வாரத்துக்கே எஞ்சியது. வீடுகளுக்கு நாளில் நான்கு மணி நேரமே மின்சாரம். ஜனவரியில் வானம் தெளிந்ததும் வரத்து மீண்டும் உயர்ந்தது.

ஈஸ்டர் அணிவகுப்பு

1949 ஏப்ரல் 15 நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை ஒரு சோதனை ஓட்டம் நடத்தப்பட்டது. குழப்பம் வராமலிருக்க ஒரே வகைச் சரக்கு, அதாவது நிலக்கரி மட்டும், முன்கூட்டியே இருப்பு வைக்கப்பட்டது. 24 மணி நேரத்தில் 1,398 பயணங்கள், 12,941 டன். விபத்து ஏதும் நிகழவில்லை. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு விமானம்.

இருப்புப்பாதை வழியே வந்ததைவிட அதிகமாகவே வான்வழியில் கொண்டுவர முடியும் என்பது சோவியத் தரப்புக்கும் விளங்கியது. மே 12 அன்று முற்றுகை விலக்கப்பட்டது. ஆயினும் கிடங்குகளில் மீண்டும் இருப்புச் சேரும்வரை, செப்டம்பர் 30 வரை, விமானங்கள் தொடர்ந்து பறந்தன. மொத்தம் 23 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு, 2.7 லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்களில் கொண்டு சேர்க்கப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. விபத்துகளில் 101 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் 40 பேர் பிரிட்டிஷார், 31 பேர் அமெரிக்கர். எஞ்சியோரில் தரையில் பணிபுரிந்த ஜெர்மானியத் தொழிலாளர்களும் அடங்குவர். டெம்பல்ஹோஃப் நிலையத்தின் எதிரே 1951-இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தின் உச்சியில் மேற்கு நோக்கி வளைந்த மூன்று விலாக்கள் உள்ளன. அவை அந்த மூன்று வான்வழிகளைக் குறிக்கின்றன.