மாதிரி ரயில் கட்டடங்கள்

குட்டி ரயில் ஓடும் பாதையைச் சுற்றி, அதே அளவு விகிதத்தில் எழுப்பப்படும் நிலையங்கள், கிடங்குகள், வீடுகள், ஆலைகள் மாதிரி ரயில் கட்டடங்கள் எனப்படும். பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பது ஒரு வகை. அட்டை, பிளாஸ்டிக் தகடு, மரச்சில்லு ஆகியவற்றை அளந்து, வெட்டி, அடியிலிருந்து கட்டுவது மற்றொன்று. கடைகளில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ஊர்களின் சாயல் கொண்டவை. நம்மூர் நிலையம் வேண்டுமென்றால் கத்தியைக் கையில் எடுத்தாக வேண்டும்.

பரவலான அளவு 1:87. இதை எச்ஓ என்பர். இதன் தண்டவாள இடைவெளியான 16.5 மி.மீ., உலகில் பரவலாக உள்ள 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ.; கணக்குப்படி 19.3 மி.மீ. வர வேண்டும். தண்டவாளத்தில் இந்த இடறலைப் பொறுத்துக்கொள்ளலாம், கட்டடத்தில் முடியாது. 2.1 மீட்டர் கதவு 24 மி.மீ. ஆக வேண்டும். 9 அங்குலச் செங்கல் 2.6 மி.மீ. நீளம் கொள்ளும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை இப்படிக் கட்ட நினைப்பவருக்கு முதல் சிக்கல், இவ்விரு ஊர்களிலும் ரயில் நிலையம் இல்லாதது. வண்டலூர் சாலையில் ஒரகடத்தைத் தாண்டிப் போனால் வாலாஜாபாத் வரும். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையிலுள்ள இந்நிலையத்தில்தான் வட்டாரத்து ஆலைகளின் கார்கள் ரயிலேறுகின்றன. பாதைக்கும் நீண்ட கதை உண்டு. அரக்கோணம்–காஞ்சிபுரம் பகுதி 1865இல் 3 அடி 6 அங்குல அகலத்தில் திறக்கப்பட்டு, 1878இல் மீட்டர் பாதையாகி, பின்னாளில் அகலப்பாதையானது. கார் ஏற்றும் என்எம்ஜி வண்டிகள் பல, பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ஐசிஎஃப் (பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகள்; ஜன்னல்களை அடைத்து, முனைகளில் கதவு வைத்தவை. பெரம்பூரில் பிறந்த 21.3 மீட்டர் பெட்டி 1:87இல் 245 மி.மீ.

ஆலைக் கொட்டகைகள் பார்வைக்கு எளியவை. கட்ட உட்கார்ந்தால்தான் தொல்லை தெரியும். 300 மீட்டர் நீளக் கொட்டகை மாதிரியில் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர், அதாவது ஓர் அறையின் சுவர் முழுதும். அதனால் தூண்களுக்கு இடைப்பட்ட கண்களில் பாதியைக் குறைப்பார்கள், அல்லது முகப்பை மட்டும் சில செ.மீ. ஆழத்தில் கட்டிப் பின்சுவரோடு ஒட்டிவிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது. குறுக்கிய ஆலை பெரிய கார் கொட்டகையாகத்தான் தோன்றும். சுவர்த் தகட்டின் வரிகளை, மெல்லிய அலுமினியத் தாளில் மழுங்கிய ஊசியால் 2 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் கோடிழுத்து வரவழைக்கலாம். கூரையில் சுழலும் காற்றுப்போக்கிக்கு 7 மி.மீ. வெள்ளி மணி போதும்.

பழைய நிலையக் கட்டடத்துக்கு வரைபடம் கிடைக்காவிட்டால் புகைப்படம் போதும். நேராக நின்று எடுத்த படத்தில் செங்கல் வரிசைகளை எண்ணினால் உயரம் வந்துவிடும். சுவருக்கு ஃபோம் போர்டு, மேலே ஓவியத்தாள். மங்களூர் ஓடு ஒன்று 4.7 மி.மீ. நீளம்தான், தாளைக் கீற்றுகளாக நறுக்கி, கீழிருந்து மேலாக ஒட்டுவர். பூசிய புது நிறம் பொம்மையாகக் காட்டும். நீர்த்த பழுப்பு மையை ஒழுகவிட்டால்தான் மழை பட்ட சுவராகும்.

இக்கலையின் உச்சம் இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ராய் இங்லண்ட், அழிந்துகொண்டிருந்த 1930களின் கிராம வீடுகளை 1:76 அளவில் அட்டையில் கல் கல்லாகச் செய்தார். இந்தியாவில் புணேயின் ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது; அதில் ஒரு நகரமே இயங்குகிறது.

தமிழ் வீடுகளில் இதற்கு உறவுக்காரர் கொலு. படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி ஓர் ஊரே எழும். அங்கே செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரமாக இருக்கும். ஒருவரும் குறை சொல்வதில்லை. மாதிரி ரயிலில் அந்தச் சலுகை கிடையாது. நடைமேடையில் 25 மி.மீ. ஆள் ஒருவர் நின்றால், பக்கத்திலிருக்கும் 24 மி.மீ. கதவுக்குள் அவரால் நுழைய முடியாது.