பெரியபாரும் ஹெர்ட்மனின் மணலும்

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் பார் எனப்படும் கற்றளங்களைப் பற்றி வாழ்வன என்பதும், ஒரு பார் சில ஆண்டு செழித்துப் பல ஆண்டு வெறுமையாய்க் கிடக்கும் என்பதும் வாசகர் அறிந்தவையே. அவ்வெறுமைக்குக் காரணம் கூறியவர்களுள் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனின் வாக்கே பெரிதும் பிரமாணமாகக் கொள்ளப்பட்டு வந்தது. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவருடைய அறிக்கையின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் பெரியபாரைக் குறித்து அவர் கொண்ட முடிவு, அவரே காட்டும் சான்றுகள் தாங்கக்கூடியதைவிட உறுதியான குரலில் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இலங்கையின் மேற்குக் கரைக்கு இருபது மைல் அளவில், கடல் திடீரென்று நூறு பாகத்துக்கு (ஃபாதம்) மேல் ஆழ்ந்துபோகும் விளிம்பில், பதினொரு மைல் நீளத்துக்குக் கிடப்பது பெரியபார். 1902 மார்ச்சில் ஹெர்ட்மன் அதைச் சோதித்தபோது அங்கே இளஞ்சிப்பிகள் பத்தாயிரம் கோடிக்குக் குறையாமல் மண்டிக் கிடந்தன என்று மதிப்பிட்டார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய உதவியாளர் ஹார்னெல் சென்று பார்த்தபோது அவை இருந்த இடம் தெரியவில்லை. 1880 முதல் அதுவரை குறைந்தது பதினொரு தடவை இப்படிக் குஞ்சு பிடித்தும் அப்பார் ஒரு சலாபமும், அதாவது முத்துக்குளிப்பும், தந்திருக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தில் சிப்பிகள் மணலில் புதைந்தோ விளிம்புக்கு அப்பாலுள்ள ஆழத்துக்கு அடித்துச் செல்லப்பட்டோ அழிந்தன என்பது ஹெர்ட்மனின் தீர்ப்பு.

அனுமானம் பொருத்தமானதுதான், ஆனால் அனுமானமே. மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையிலான எட்டு மாதங்களில் அந்த அடித்தளத்தில் நடந்ததைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. திருக்கையும் கிளாத்தியும் சிப்பிகளைக் கூட்டங்கூட்டமாகத் தின்பவை என்று ஹெர்ட்மனே எழுதியிருக்க, பெரியபார் என்று வந்தவுடன் அம்மீன்களை ஒதுக்கிப் பருவக்காற்றையும் மணலையுமே முன்னிறுத்தியது ஏன்? மணல் மூடியதாயின் செத்த ஓடுகள் மணலுக்கடியில் அகப்பட வேண்டும்; மீன் தின்றதாயின் உடைந்த ஓடுகள் மேலே சிதறிக் கிடக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தேடிப் பார்க்காத வரையில் இரண்டும் சமபலமுள்ள ஊகங்களே என்று நான் வலியுறுத்துவேன். அழிவு நேர்ந்த மாதத்தை இன்று நிச்சயிப்பதும் இயலாத காரியம்.

இதனினும் முக்கியமாக, அவர் பாரை மணல் வந்து மூடுவதற்கென்று சும்மா கிடக்கும் மேடையாகவே பெரும்பாலும் கருதினார். அவர் அறிக்கையே விவரிக்கும் பார்க்கல்லைக் கவனியுங்கள்: மணற்பரல்களைச் சுண்ணாம்பு பிணைத்து இறுக்கிய தளம், அதன்மேல் கல்லாய்த் திரளும் பவளப்பாசியின் வெளுத்த மேலோடு, அதில் புழுக்கள் கட்டிய சுண்ணக் குழாய்கள், இடையிடையே கடற்பஞ்சு துளைத்த சிறு துவாரங்கள், மேடுகளில் நாரால் பிடித்து நிற்கும் சிப்பிகள். கருங்கல்லைப் பார்த்தே கல்லென்று பழகியவர்களுக்கு இது கல்லாகவே படாது. பழைய காரைச் சுவர் போலத் தோன்றும். வாழும் பிராணிகளே இத்தளத்தைக் கட்டுகின்றன, வேறு சில அதையே அரிக்கின்றன. ஆதலால் சிப்பியின் கதையைத் தளத்தின் கதையிலிருந்து பிரிக்கலாகாது. தளம் கெட்டால் குஞ்சு நிலைக்காது. சிப்பி மாய்ந்தால் அதன் ஓடு மீண்டும் தளத்துக்கே சேர்கிறது.

ஹெர்ட்மனுக்கு முன் 1857-59-இல் ஆராய்ந்த கெலார்ட், சிப்பி தன் நாரை விட்டு இடம் பெயரவல்லது என்று காட்டியிருந்தார். பெரியபாரைத் தாய்ப்பார் என்று சொல்லி, அதன் குஞ்சுகளே கரைப்பக்கத்து உட்பார்களை நிரப்புகின்றன என்று குளியாட்கள் கொண்ட நம்பிக்கைக்கு இது ஓரளவு துணை நிற்கும். ஆனால் இருபது மைல் ஊர்ந்து வர அது போதாது. முட்டையிலிருந்து வெளிவந்து வாரக்கணக்கில் நீரில் மிதக்கும் குஞ்சு நிலையைக் கொண்டே அந்நம்பிக்கையைச் சோதிக்க வேண்டும். அங்கே பிடித்த குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு முன்பே மாய்ந்தனவெனில், தாய் என்ற பெயருக்கு ஆதாரமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நான், அந்நம்பிக்கையை மறுத்த ஹெர்ட்மன் பக்கமே.

இதே வளைகுடாவின் இந்தியக் கரையில், தூத்துக்குடிப் பார்களில் 1955-இல் தொடங்கிய சலாப வரிசை 1961-உடன் முடிந்தது. அங்கே இனி ஆராய்வோர் சிப்பிகளை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு பாரிலிருந்தும் கல்லைப் பெயர்த்தெடுத்து, அதில் கட்டுவனவும் அரிப்பனவும் எவ்வெவ்வளவு என்று குறித்து வைக்க வேண்டும்.