கொங்கு நாட்டில் சமணம்

கொங்கு நாட்டில் சமணம் என்பது இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில் சமண சமயம் வேரூன்றி, தழைத்து, பின்னர் அருகிய வரலாற்றைக் குறிக்கும். அரச ஆதரவு நீங்கிய பின் ஒரு சமயத்தார் தம் நெறியில் எவ்வாறு நிலைத்திருக்கின்றனர் என்பதை அறிய இவ்வரலாறு உதவுகிறது.

தடயங்கள்

பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகக் காணப்படுகின்றன. இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870 இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று இங்கு உள்ளது. சாந்திவீரக் குரவர் என்பவர் பார்சுவநாதர் உருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 பொற்காசுகள் வைத்ததை அது கூறுகிறது. புதுப்பித்தல் என்பதால், அதற்கு முன்பே அங்கு வழிபாடு இருந்தமை தெளிவாகிறது.

ஈரோடு மாவட்டம் விசயமங்கலத்தில் எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரபிரபருக்குரிய கோயில் உள்ளது. மக்கள் இதனை 'நெட்டைக் கோபுரம்' என அழைக்கின்றனர். சிரவணபெளகுளத்தில் கோமதேசுவரர் சிலையை எழுப்பிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை, இங்கு வடக்கிருந்து (சல்லேகனை) உயிர்நீத்தார். அவர் நினைவாகத் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது.

இலக்கியப் பணி

பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் விசயமங்கலத்தைச் சேர்ந்தவர் என்பது மரபு. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊரான சனகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் எனக் கொள்ளப்படுகிறது. கொங்கு மண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் சமணரே. அவர் தம் சமயத்துக்கு உரியவற்றோடு நில்லாது, கொங்கு நாட்டுச் சைவ, வைணவத் தலங்களின் சிறப்பையும் பாடியுள்ளார்.

அருகிய காரணங்கள்

கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் பரவிய பக்தி இயக்கம் தமிழகம் முழுவதும் சமணத்தின் செல்வாக்கைக் குறைத்தது. கொங்கில் சமணத்தைப் புரந்த மேலைக் கங்கரின் ஆட்சி 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்களால் முடிவுற்றது. அதன் பின்னரும் சமணர் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு 13 ஆம் நூற்றாண்டின் நன்னூல் சான்றாகும். எனினும் காலப்போக்கில் பழைய குடிகள் அருகின. இன்று கோயம்புத்தூரில் வாழும் சமணருள் பெரும்பாலோர் இராசத்தான், குசராத்து ஆகிய பகுதிகளிலிருந்து வணிகத்தின் பொருட்டுக் குடியேறியோரின் வழியினர்.

இசுரயேலர் வரலாற்றுடன் ஒப்பீடு

பண்டைய இசுரயேலரின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. யூதா அரசன் யோசியா காலத்தில் எருசலேம் கோவிலைப் பழுதுபார்த்தபோது, மறக்கப்பட்டுக் கிடந்த திருச்சட்ட நூல் அங்கேயே கண்டெடுக்கப்பட்டதாக விவிலியம் கூறுகிறது. கோவில் இருந்தும் நெறி மறக்கப்பட்டதற்கு இது எடுத்துக்காட்டு. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அக்கோவிலை அழித்து மக்களை நாடுகடத்தினர். கோவிலற்ற அந்நிலையில் ஓய்வுநாள், நூல் ஓதல், குடும்ப வழக்கங்கள் ஆகியவை அவர்தம் சமயத்தைக் காத்தன. கி.மு. 515 அளவில் இரண்டாம் கோவில் கட்டி முடிக்கப்பட்டது. கி.பி. 70 இல் உரோமர் அதனை அழித்த பின்னரும் யூத சமயம் தொடர்ந்தது.

கொங்கில் கோயிலும் நூலும் எஞ்சின. அவற்றைப் பேணிய குடிகளோ குறைந்தன. மாறாக, திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் 'நயினார்' எனப்படும் தமிழ்ச் சமணர், மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து இன்றும் வாழ்கின்றனர். இரவு உண்ணாமை, புலால் மறுத்தல் போன்ற அன்றாட நோன்புகள் அவர்தம் அடையாளமாக உள்ளன.

இத்தகைய தொடர்ச்சியின் பயனை உ. வே. சாமிநாதையரின் பணியில் காணலாம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க (1887) முயன்றபோது, அதிலுள்ள சமயக் கருத்துகளை அவர் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டறிந்தார். ஏடுகள் எழுத்தைக் காத்தன. நெறியில் நின்ற குடும்பங்கள் பொருளைக் காத்தன. கொங்குவேளிரின் பெருங்கதையையும் அவரே 1924 இல் பதிப்பித்தார். அந்நூலின் தொடக்கமும் இறுதியும் கிடைக்கவில்லை.

இவற்றையும் பார்க்கவும்
- நன்னூல்
- ஐவர்மலை
- தமிழ்ச் சமணர்
- பாபிலோனிய அடிமை வாழ்வு