மின்விளையாட்டுக் கம்பெனிகள், பங்குச் சந்தையில்

கணினியிலும் கைப்பேசியிலும் நிகழும் விளையாட்டுப் போட்டிகளை நடத்தியோ, அவற்றில் அணிகளை இறக்கியோ, ஒளிபரப்புரிமை, விளம்பரதாரர் கட்டணம் முதலிய மார்க்கங்களால் வருமானம் ஈட்டி, தம் பங்குகளைப் பொதுஜனங்கள் வாங்கி விற்கச் சந்தையில் விட்டுள்ள நிறுவனங்கள்.

இந்தியாவில் பிரதானமானது மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ். போட்டிகள் நடத்துவதில் பிரசித்தி பெற்ற நாட்வின் கேமிங்கின் பெரும்பான்மைப் பங்குகளை 2018-இல் பெற்ற இந்நிறுவனம், 2021 மார்ச்சில் பங்கொன்று ரூ. 1,101 வீதம் சந்தைக்கு வந்தது. தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ரூ. 25 வீதம் 40,000 பங்குகளால் திரட்ட முற்பட்ட பத்து லட்ச ரூபாய், கப்பல் வாங்குதற்குரிய மூலதனமாயிருக்க, நசாராவின் சுமார் ரூ. 583 கோடி வெளியீடோ முழுவதும் பழைய பங்குதாரர்களின் விற்பனையாதலால், அதில் ஒரு காசும் கம்பெனியின் கஜானாவைச் சேரவில்லை.

அந்நிய தேசங்களில் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் 2019-இலும், லண்டனின் கில்ட் எஸ்போர்ட்ஸ் 2020-இலும் சந்தையேறின. 2022-இல் நாஸ்டாக்கில் பிரவேசித்த அமெரிக்காவின் ஃபேஸ் கிளான், இரண்டே ஆண்டுகளில் கேம்ஸ்கொயர் வசமாயிற்று. 2025-இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்து, மின்விளையாட்டை அங்கீகரித்தது.